தீவில் பேசிய பேச்சு

நாகைக் கடற்கரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அங்கே சேந்தன் அடிகள் என்ற துறவி சீடர்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்துவந்தார். இளவயதில் கிழக்கே ஒரு தீவில் சில வருஷம் இருந்தவர் அவர்.

அந்தத் தீவில் விஷக்காய்ச்சல் பரவியிருப்பதாகக் கப்பல்காரர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். சீடர்களில் மூத்தவனான கடம்பன் தான் போவதாகச் சொன்னான். நோயாளியிடம் பேசத் தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பது என்று அவனுக்குக் கவலை. அந்த ஊர்ப் பேச்சில் கொஞ்சமாவது கற்றுக்கொடுக்கும்படி அடிகளைக் கேட்டான்.

அடிகள் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தார். உட்கார், குடி, பயப்படாதே, தூங்கு. எல்லாம் மென்மையான சொற்கள். மெல்ல இழுத்துச் சொல்ல வேண்டும். கப்பல் கிளம்புவதற்குள் கடம்பனுக்கு அவை தடையில்லாமல் வந்தன.

தீவில் இறங்கியதும் அவனுடைய மருந்துப்பையைப் பார்த்து ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். பாயில் ஒரு சிறுமி காய்ச்சலோடு கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. கடம்பன் அருகே உட்கார்ந்து அவள் நெற்றியில் கைவைத்தான். "பயப்படாதே, இதைக் குடி" என்று அவர்கள் பேச்சில் சொன்னான்.

வீட்டில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சிறுமியின் தாய் குனிந்து, மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அவளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து மகளின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் சிறுமி பதில் சொன்னாள்.

மற்ற வீடுகளிலும் அதேதான். அவன் வாய் திறந்ததும் நோயாளிகள் தங்கள் கையையும் முகத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

தமிழ் தெரிந்த கிழ மாலுமி ஒருவர்தான் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, இது நாங்கள் செத்தவர்களிடம் பேசுகிற பேச்சு. உயிரோடு இருப்பவர்களிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை."

கடம்பன் அந்த மாலுமியிடமே உயிருள்ளவர்களின் பேச்சைப் புதிதாகக் கற்றான். அதன் பிறகு கதவுகள் திறந்தன. அந்தச் சிறுமியும் பிழைத்தாள்.

காய்ச்சல் அடங்கி ஊர் திரும்பியதும் நேராக அடிகளிடம் போனான். நடந்ததையெல்லாம் சொன்னான். கோபத்தை அடக்கிக்கொண்டுதான் கேட்டான்.

"ஏன் எனக்கு அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தீர்கள்?"

அடிகளின் முகம் வெளுத்திருந்தது.

"எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்" என்றார். "ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் அங்கே போய் இறங்கினேன். அவர்கள் கேட்ட எதற்கும் என்னிடமிருந்து பதில் இல்லை. வாசலுக்கு வெளியே இலையில் சோறு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவரை என்னிடம் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்."