மைனாவின் நகமும் வெடிவாலனின் காலும்

மருதங்காட்டு ஓடைக்கரையில் ஓர் இளங்குதிரை இருந்தான். பெயர் வெடிவாலன். பெயருக்கு ஏற்ற பிள்ளைதான். இலை உதிர்ந்தால் ஓடுவான். கவுதாரி எழும்பினால் ஓடுவான். தன் வால் தன் மேலேயே பட்டால்கூட யாரோ அடித்துவிட்டார்கள் என்று ஓடுவான். ஓடி முடித்து நின்ற பிறகு, எதற்கு ஓடினோம் என்று அவனுக்கே தெரியாது.

அதே கரையில், சாய்ந்து நின்ற ஒரு மருதமரத்துப் பொந்தில் மஞ்சமூக்கி என்ற மைனா குடியிருந்தாள். பொந்துக்குள் மூன்று குஞ்சுகள். ஆண் மைனாவை வல்லூறு கொண்டுபோய்விட்டது. மூன்று வாய்க்கும் இவள் ஒருத்திதான் இரை தேட வேண்டும்.

மைனாக்களுக்கு ஒரு பிழைப்பு உண்டு. மேய்கிற மாட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மாடு கால் வைக்கிற இடத்தில் புல்லிலிருந்து வெட்டுக்கிளி துள்ளும். இறங்கிக் கொத்திக்கொண்டு மறுபடியும் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கோடை முற்றியதும் எருமைகளெல்லாம் படுத்துப் புரள ஆழத் தண்ணீர் தேடிக் காட்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டன. மிஞ்சியது வெடிவாலன் மட்டும்தான்.

"டேய் தம்பி, கொஞ்சம் நின்னு மேயேன். என் பிள்ளைங்க பசியில கத்துதுங்க," என்றாள் மஞ்சமூக்கி.

"நிக்கணும்னுதான் அக்கா நினைக்கிறேன். இந்தக் காலு கேக்க மாட்டேங்குது."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு மருதங்காய் 'டொக்' என்று விழுந்தது. ஆள் அடுத்த மேட்டில் நின்றான்.

பக்கத்து மரத்து மந்தி இதைப் பார்த்தது. கேட்காமலே யோசனை சொல்வதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை.

"உடம்புல வலு இருக்கிற வரைக்கும்தான் இந்த ஆட்டம். நல்லா விரட்டி விரட்டி ஓட வை. களைச்சுப் போய்த் தானா நிப்பான் பாரு."

மஞ்சமூக்கியும் நம்பினாள். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை அவன் காதருகே பறந்து கத்தி விரட்டினாள். என்ன ஆயிற்று? ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்தவன் மூன்று சுற்று ஓடப் பழகிவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

பிறகு வேறு வழி பார்த்தாள். பிடரியில் நகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நில்லுடா, நில்லுன்னா நில்லேன்டா," என்று கத்தினாள். அவள் பிடி இறுக இறுக அவன் ஓட்டம் கூடியது. அங்கே பொந்தில் கடைக்குட்டியின் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பிடியை இன்னும் இறுக்கினாள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் அவளால் முடியவில்லை. கத்தத் தொண்டை இல்லை, பிடிக்கக் காலில் பலம் இல்லை. என்னவோ ஆகட்டும் போ என்று நகத்தைத் தளர்த்தி, சிறகைத் தொங்கவிட்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

கீழேயும் ஒரு மூச்சு கேட்டது. வெடிவாலன் மூக்கு அதிர 'புர்ர்' என்று காற்றை விட்டான். தலை தாழ்ந்தது. ஒரு பின்னங்காலை லேசாக மடக்கிக் குளம்பு நுனியை மட்டும் ஊன்றி நின்றான். வாய் சும்மா மென்றது.

மஞ்சமூக்கிக்கு நம்ப முடியவில்லை. சோதித்துப் பார்க்க நகத்தை இறுக்கினாள். அவன் காது இரண்டும் விறைத்தன. தளர்த்தினாள். காதுகள் பக்கவாட்டில் சாய்ந்தன.

"ஏன்டா தம்பி, நான் இறுக்கிப் பிடிச்சா உனக்கு என்ன ஆகுது?"

"ஏதோ ஆபத்து வருதுன்னு நினைச்சுக்குவேன் அக்கா. நீங்க மேல இருக்கீங்க, உங்களுக்குத்தானே தூரத்துல வர்றது தெரியும். அதான் ஓடுவேன்."

அடப்பாவமே! வாய் நில்லு நில்லு என்று கத்த, நகம் ஓடு ஓடு என்று சொல்லியிருக்கிறது. பிள்ளை நகத்தின் பேச்சைக் கேட்டிருக்கிறான். மஞ்சமூக்கிக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அன்றிலிருந்து அவள் கத்தவில்லை. கிளையில் உட்கார்ந்து முதலில் தன் மூச்சைச் சரிசெய்துகொள்வாள். அப்புறம்தான் அவன் முதுகில் இறங்குவாள். சருகு சலசலத்து அவன் உடம்பு விறைத்தால், பிடியை இறுக்காமல் மெதுவாகக் கேட்பாள்.

"பார்த்தியா, என்ன அது?"

"சருகு அக்கா."

"சருகு கடிக்குமா?"

"கடிக்காது."

"அப்ப மேய்."

அவன் பார்ப்பான், மூச்சு விடுவான், மேய்வான். சில நாள் மறந்துபோய் ஓடத்தான் செய்தான். அவள் விரட்டிக்கொண்டு போகாமல் மரத்திலேயே காத்திருந்தாள். அவனே அசடு வழியத் திரும்பி வந்தான். மெல்ல மெல்ல, கவுதாரி எழும்பினாலும் காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுப் புல்லைக் கடிக்கப் பழகினான். வெட்டுக்கிளிகள் துள்ளின. குஞ்சுகளின் வயிறு நிறைந்தது. கடைக்குட்டிக்குக் குரலும் வந்தது, இறகும் முளைத்தது.

"மகராசனா இருப்படா," என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் அவள் பொந்துக்குப் பறப்பாள். மந்தியோ தன் யோசனைதான் பலித்தது என்று காடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

ஒரு மாலை, மலைப்பக்கம் வானம் கறுத்தது. மேலே கொட்டிய கோடைமழை ஓடையில் செந்நீராகத் திரண்டு வந்தது. கரைமண் கரைந்தது. சாய்ந்திருந்த மருதமரம் இன்னும் சாய்ந்தது. வேர்கள் அறுபடும் சத்தம் கேட்டது. பொந்துக்குக் கீழே ஒரே வெள்ளம். குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. அவற்றைத் தூக்கிப் போக ஒரு மைனாவால் ஆகுமா?

"வெடிவாலா!" என்று அலறினாள்.

அவன் வந்தான். வயிறு நனையும் வரை தண்ணீரில் இறங்கி, முதுகு பொந்துக்கு நேராக இருக்கும்படி நின்றான். மஞ்சமூக்கி அவன் பிடரியில் பாய்ந்தாள். அந்த நேரம் பார்த்து இடி இடித்தது.

"நகராதேடா, ஐயோ நகராதே! பிள்ளைங்களா சீக்கிரம் குதிங்க, சீக்கிரம்!"

அவள் நகம் தோலில் இறங்கியது. வெடிவாலன் உடம்பு முழுதும் நடுங்கியது. ஒரு கால் பின்னால் நகர்ந்தது. பொந்து வாயில் நின்ற குஞ்சு பயந்து உள்ளே போய்விட்டது.

"அக்கா," என்றான் வெடிவாலன் மெதுவாக. "நகம் குத்துது."

அவள் திகைத்தாள்.

"பார்த்தீங்களா அக்கா, என்ன அது?"

"இடிடா."

"நம்மள கடிச்சுதா?"

"இல்லடா."

"அப்ப மூச்சு விட்டுட்டுப் பிள்ளைங்களக் கூப்பிடுங்க."

மஞ்சமூக்கி நகத்தைத் தளர்த்தினாள். மூச்சை விட்டாள். கீழே 'புர்ர்' என்று அவனும் விட்டான். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்ட குரல், இரை கொண்டுவரும்போது கூப்பிடுகிற அதே குரல். முதல் குஞ்சு முதுகில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. கடைக்குட்டி கொஞ்சம் தள்ளிக் குதித்து, வழுக்கி, அவன் வாலைப் பிடித்துத் தொங்கியது. தன் வால் பட்டாலே ஓடியவன், வாலில் ஓர் உயிர் தொங்க அசையாமல் நின்றான். தாய் அதை அலகால் கவ்வி மேலே இழுத்துக்கொண்டாள். அவன் அடிமேல் அடி வைத்து மேடேறினான். பின்னால் மருதமரம் வெள்ளத்தோடு போயிற்று.

மேட்டில் நின்றதும் மஞ்சமூக்கி அவன் கழுத்தில் தலையைச் சாய்த்து அழுதாள்.

"மூணு உசுரையும் காப்பாத்திட்டியேடா சாமி. உன்னை நான் எப்படி மறப்பேன்?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே அக்கா. நீங்க இல்லேன்னா நான் இன்னும் சருகுக்கு ஓடிக்கிட்டு இருப்பேன்."

"நான் சொல்லிக் குடுத்ததை நானே மறந்துட்டேன் தம்பி. நீதான் மறக்கலை."

அந்தக் குஞ்சுகள் பறக்கப் பழகியது வெடிவாலன் முதுகிலிருந்துதான். எருமைகள் திரும்பி வந்த பிறகும் அவை வேறு முதுகு தேடவில்லை. தினமும் காலையில் அவன்மேல் வந்து உட்கார்ந்ததும், தாய் பழக்கியபடி முதலில் நகத்தைத் தளர்த்தி ஒரு மூச்சு விடும், அப்புறம்தான் இரை தேடும்.

பிறர் பதற்றத்தைத் தணிக்க நினைப்பவர் முதலில் தம் பதற்றத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். தாம் அதை மறந்த நேரத்தில் நினைவூட்டியவர் சிறியவரே ஆனாலும், அவருக்கு என்றும் நன்றி மறவாதிருக்க வேண்டும்.