மஸ்தான் பாய் வீட்டு முற்றக் குழாய்

கடலை ஒட்டிய ஒரு நகரத்தில் உப்புக்காரத் தெரு என்று ஒரு சரிவான தெரு. மழை வலுத்தால் அங்கே பாதாளச் சாக்கடை நிரம்பி, பள்ளத்தில் இருக்கும் கடைசி வீட்டுக் கழிப்பறை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கும். காரணம் ஊரறிந்தது. மொட்டைமாடித் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் பலர் சாக்கடையிலேயே இணைத்திருந்தார்கள். விரிசல் விட்ட பழைய குழாய்களுக்குள் நிலத்தடி நீரும் கசிந்து இறங்கியது.

மாநகராட்சி விதியைத் திருத்தியது. விரிசல் குழாய்களை மாற்ற வேண்டும். மழைநீர் இனி சாக்கடைக்குள் போகக் கூடாது. மறைத்துப் பிடிபட்டால் அந்த இணைப்பை அன்றைக்கே அடைப்பார்கள். தானாக வந்து சொல்பவருக்கு மட்டும், தெருவில் மழைநீர் வடிகால் கட்டி முடியும்வரை அவகாசம். இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் உதவிப் பொறியாளர் கோமளவல்லி.

தானாக வந்தவர் ஒரே ஒருவர், தெரு வளைவில் குடியிருந்த தையற்காரர் மஸ்தான் பாய்.

“மேலேருந்து வர்ற தண்ணியெல்லாம் என் முத்தத்துலதாம்மா நிக்குது. அதைச் சாக்கடையில விட்டிருக்கேன். அடைச்சா வீட்டுக்குள்ள ஏறும். எம் பொஞ்சாதி ஜொஹரா படுத்த படுக்கையா கெடக்கா.”

“வடிகால் முடியற வரைக்கும் உங்க குழாயில யாரும் கை வைக்க மாட்டாங்க, பாய். இது நான் கொடுக்கற வார்த்தை.”

பிறகு, மறைத்த இணைப்புகளைக் கண்டுபிடிக்க, சாக்கடை மேன்ஹோலுக்குள் புகையைச் செலுத்திச் சோதித்தார்கள். பத்தொன்பது வீடுகளின் மழைநீர்க் குழாய்களிலிருந்து புகை கிளம்பியது. மேஸ்திரி வேலாயுதம் அத்தனையையும் அன்றே அடைத்தார். கடைசி வீட்டு லூர்துமேரி பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பதினோரு நாள்.

“இந்த மழைக்கும் உள்ள வருமா மேடம்?”

“வராது” என்றாள் கோமளவல்லி. அந்தப் புகை கொடுத்த தைரியம் அது.

வடிகால் வேலை பாதியில் நின்றபோது ஐப்பசி வந்துவிட்டது. முதல் மழையில் கோமளவல்லி மேன்ஹோலைத் திறந்து பார்த்தாள். இன்னும் ஒரு சாண் ஏறினால் கடைசி வீட்டுக்குள் பொங்கிவிடும். இப்போது தண்ணீரை ஏற்றுவது பாயின் குழாய்தான். மறுநாள் கனமழை என்று எச்சரிக்கை.

“அடைச்சிடலாமா மேடம்? பத்து நிமிஷ வேலை” என்றார் வேலாயுதம்.

“கூடாது. வார்த்தை கொடுத்திருக்கேன்.”

“அவர்கிட்ட கேட்டாவது பாக்கலாமே.”

“ஆபீஸ்லேருந்து போய்க் கேட்டா அது உத்தரவு, மேஸ்திரி. அவரால எப்படி முடியாதுன்னு சொல்ல முடியும்?”

கோமளவல்லி, லூர்துமேரி வீட்டு வாசலுக்கு மணல் மூட்டைகள் அனுப்பினாள். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. மூட்டை வாசலை மறிக்கும், கழிப்பறையை மறிக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்று பகலில் வேலாயுதம், பாயின் வீட்டு முன்பக்கத் தையல் கடை வாசலில் நின்றது அவளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. “உங்க குழாயாலதான் பாய் கடைசி வீட்டுல ஏறப் போவுது. மேடம் அனுப்பல. நான் எதுவும் கேக்கவும் வரல. உங்களுக்குத் தெரியணும்னு தோணிச்சு.” அவ்வளவுதான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

பாய் உள்ளே போய் மனைவியிடம் சொன்னார். ஜொஹரா சொன்னாள்: “பச்சப்புள்ள இருக்கற வீடுங்க அது. என்னைத் தம்பி வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க.” கட்டிலோடு அவளைத் தூக்கிப் போனார்கள். திரும்பி வந்த பாய் தன் கையாலேயே சிமெண்டைக் குழைத்துக் குழாயை அடைத்தார்.

மறுநாள் ஐந்து மணி நேரம் அடித்துப் பெய்தது. மேன்ஹோலில் தண்ணீர் ஒரு மட்டத்தோடு நின்று, கடைசி வீட்டுக்குள் பொங்காததைக் கண்டு கோமளவல்லி பாய் வீட்டுக்கு ஓடினாள். முழங்கால் அளவு தண்ணீர். தீபாவளிக்குத் தைத்த துணிகள் மிதந்தன. தையல் மெஷின் மோட்டார் மூழ்கியிருந்தது.

“யார் அடைக்கச் சொன்னது பாய்?”

“யாரும் சொல்லலம்மா” என்றார் அவர், வாளியைக் கீழே வைக்காமல்.

முதலில் அவளுக்கு நிம்மதிதான் வந்தது. நிம்மதி வந்ததே என்ற வெட்கம் அதன் பிறகு.

கோமளவல்லி கொடுத்த வார்த்தையைக் காத்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. வேலாயுதம் மேலதிகாரிக்குத் தெரியாமல் போய்ச் சொன்னார். பாய், கிடைத்த அவகாசத்தை உதறித் தன் வீட்டையே மூழ்கவிட்டார். கேட்கிற நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பாயும் ஜொஹராவும் செய்தது சரியையும் தாண்டியது, அதை யாரும் யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. அடைக்க மறுத்ததில் கோமளவல்லி செய்தது சரி. கொடுத்த வார்த்தை, பெற்றவருக்குச் சொந்தம். அதை விட்டுக்கொடுக்கும் உரிமையும் அவருக்கே. ஆனால் விட்டுக்கொடுக்க, விஷயம் தெரிய வேண்டுமே! தெரியப்படுத்திவிட்டு, எதையும் கேட்காமல் போன வேலாயுதம் செய்ததே சரி. கோமளவல்லி தவறியது லூர்துமேரியிடம். தன் கையில் இல்லாத ஒன்றை ‘வராது’ என்றாள். வரும் என்று தெரிந்த பிறகும் மூட்டையை அனுப்பினாளே தவிர உண்மையை அனுப்பவில்லை. மழை விட்டதும் அவளே போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். லூர்துமேரி குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்கு நடந்தாள்.