ஞானப்பூவின் கல்லில் இருந்த எண்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் இரண்டாவது மகள் ஜெனிட்டா. போன கல்லறைத் திருநாளுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். நான் செபமாலை முடித்து எழுந்ததும் சொன்னாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னாள்.

கடற்கரை ஊர் ஒன்றில் வியாகுலம் என்று ஓர் உபதேசியார். ஊருக்கே ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர், அறுபது வயதில் கம்ப்யூட்டர் படிக்கப் போனார். சொல்லிக் கொடுத்தது கன்னியர் மடத்து சகாயராணி சிஸ்டர். அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் வியாகுலம் வந்து நின்றார்.

"சிஸ்டர், இந்த எந்திரம் பொய் சொல்லுது."

கல்லறைகளில் உள்ள பேர்களை வருடப்படி அடுக்கித் தர அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். மறுநாள் பூசையில் சாமியார் அதைப் பார்த்துத்தான் பேர்களை வாசிப்பார்.

பழைய கற்களில் தமிழ் எண்கள். ௧௮௬௨ என்று இருந்ததை எந்திரம் 1862 என்று ஒழுங்காகவே படித்தது. ஞானப்பூ என்ற அம்மாவின் கல் வந்ததும் நின்றுவிட்டது. அதில் ௲௮௱௫௰ என்று வெட்டியிருந்தது.

ஆயிரம், எட்டு நூறு, ஐந்து பத்து. ஆயிரத்துக்கு ௲, நூறுக்கு ௱, பத்துக்கு ௰ என்று தனிக் குறிகள்; ஆக 1850.

"இது எண்ணான்னு கேட்டா, எண்தான்னு சொல்லுது. சரி, அப்போ வருசமா மாத்துன்னா, செல்லாதுங்குது. ஒரே வாய்ல ரெண்டு பேச்சு."

வியாகுலமே ஒரு வழியும் சொன்னார்.

"ஞானப்பூவைத் தேடி யாரும் வரப்போறதில்ல. அந்தப் பேரை எடுத்துடுறேன். மத்தவங்க பேராவது வரட்டும்."

சிஸ்டர் திரையைப் பார்க்கவே இல்லை. பூசை மேசை கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும், நாலு பேரைப் பிடித்துத் தூக்க வையுங்கள் என்றார்.

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீங்க."

சிஸ்டர் மறுபடியும் மேசையைத்தான் காட்டினார்.

வியாகுலம் முணுமுணுத்துக்கொண்டே கடற்கரைக்குப் போனார். வலு உள்ளவன் யார் என்று கேட்டார். நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் சந்தியாகு. தனியாளாக வள்ளத்தைக் கடலில் தள்ளுகிறவன். மற்ற மூவரும் அவன் நெஞ்சளவுதான்.

கோயில் முற்றத்தில், சிஸ்டர் பார்த்து நிற்க, மேசைக்கு அடியில் கம்பு கட்டித் தூக்கினார்கள். மூன்று தோள் கீழே, ஒரு தோள் மேலே. மெழுகுவர்த்தித் தண்டுகள் சரிந்து மணலில் விழுந்தன. சந்தியாகு குனிந்து பார்த்தான். குனிந்தால் நடக்க முடியவில்லை. மற்றவர்கள் அவனையும் அவனைப் பெற்றவர்களையும் திட்டினார்கள்.

வியாகுலத்துக்குப் பொறுக்கவில்லை. "இவனை யாரு இந்த வரிசையில விட்டது?"

"நீங்கதான்," என்றார் சிஸ்டர். "ஆளைக் கூப்பிடும்போது என்ன கேட்டீங்க?"

"வலு இருக்கான்னு கேட்டேன்."

"இருந்துச்சா?"

"இவனுக்கு இல்லாத வலுவா."

"அப்போ அவன் பொய் சொல்லல."

சந்தியாகுவை விலகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் குட்டையான ஒருவரை நிறுத்தினார் சிஸ்டர். மேசை நிமிர்ந்தது.

சந்தியாகு சும்மா நிற்கவில்லை. சுவரோரம் இருந்த இரும்புச் சிலுவையை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வியாகுலம் நின்ற இடத்திலேயே நின்றார். மேசை தெருவைத் தாண்டும்வரை நின்றார்.

"சிஸ்டர். அந்தக் கல்லுல ஆயிரம், நூறு, பத்துன்னு நிக்கிதே. அந்த மூணும் சந்தியாகுதானா? எண்தான், ஆனா மத்த எண்ணோட வரிசையில நிக்காது, தனியாத்தான் எண்ணணுமா?"

சிஸ்டர் மணலில் கிடந்த தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தண்டு ஒண்ணு குறையுது, உபதேசியாரே. அதை நான் தேடிக்கிடுதேன். நீங்க போய் ஞானப்பூவைப் பட்டியலுக்குக் கூட்டிட்டு வாங்க."

இதைக் கேட்டவர்கள் அந்த உபதேசியாருக்காக ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள். அந்தத் தோட்டத்தில் இன்னும் படிக்காத பழைய கற்கள் இருக்கின்றனவாம்.