எர்த் குழிக்குத் தாகம்

ஊமத்தவலசுக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் அவர்களிடம் ஒரு வேலையும் சொல்லிப் பார்க்காதவர்கள். சொல்லிப் பார்த்தவர்கள் அதைவிடப் பெரிய வார்த்தையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த ஊர் மேல் பிரியம்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர்கள் இந்தக் காலத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள்?

ஒரு கோடையில் அந்த ஊரின் பழைய டிரான்ஸ்பார்மர் புகைந்து அடங்கிவிட்டது. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. மற்றவர்கள் அறுவடை முடித்திருந்ததால் யாருக்கும் பெரிய கவலை இல்லை. தெய்வாத்தாளுக்கு மட்டும் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. புருஷன் போன பிறகு அதை வைத்துத்தான் அவள் பிழைப்பு. வெற்றிலைக்கொடி தண்ணீர் இல்லாமல் பொறுத்துப் போகிற ஜாதி இல்லை. கிணற்றில் கயிறு போட்டு இறைத்து இறைத்து அவள் உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம், பாதிக் கொடிக்குக்கூடத் தண்ணீர் எட்டவில்லை.

புது டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்து இறங்கியது. கொடிக்காலுக்குக் கீழ்ப்புறம் மேடை கட்டி ஏற்றி, கம்பியெல்லாம் இழுத்து முடித்தார்கள். கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஆள் வேண்டும் என்றார் எஞ்சினியர் ஞானசேகர். ஊர் தன் பெரிய தலைகள் மூன்றை முன்னால் தள்ளியது. சென்னியப்பன், யோசித்துவிட்டுத்தான் பேசுவார், அதற்குள் பேச்சு முடிந்திருக்கும். பொங்கியண்ணன், பேசிவிட்டு யோசிப்பார். ராக்கியப்பன் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார், அது பேச்சு.

எஞ்சினியர் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "உள்ள இருக்கற கம்பிச்சுருள் எண்ணெயில முங்கியே இருக்கோணும். இந்தக் கண்ணாடியில செவப்புக் கோடு தெரியுதுங்களா? எண்ணெய் அதுக்குக் கீழ போகக் கூடாது. இந்தப் புட்டியில இருக்கற நீலக் கல்லு, உள்ள போற காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக்கும். ரொம்பக் குடிச்சா ரோஸாயிரும். நான் வர்றப்ப நீலமா இருக்கோணும். அப்பறம் இந்த எர்த் குழி. கரண்ட் தப்பி எறங்குனா மண்ணுக்குள்ள போறதுக்கு இங்கதான் கம்பி பொதைச்சிருக்குது. இதுல ஈரம் காயக் கூடாது. தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. மூணும் சரியா இருந்தா கரண்ட். ஒண்ணு கொறஞ்சாலும் இதை வேற ஊருக்கு ஏத்திருவேன்."

"ஆகட்டுங்க" என்றார்கள் மூவரும். தெய்வாத்தாள் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கண்ணாடியைப் பார்த்த பொங்கியண்ணன் தலையில் கை வைத்தார். எண்ணெய் சிவப்புக் கோடு வரை இறங்கியிருந்தது. குளிரில் எண்ணெய் சுருங்கும், வெயிலில் விரியும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"களவு போயிருக்குதுங்க" என்றார் பொங்கியண்ணன்.

நடுப்பகலில் மறுபடி எட்டிப் பார்த்தார்கள். எண்ணெய் பழையபடி ஏறி நின்றது. சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தார்.

"திருடுனவன் திருப்பி ஊத்திட்டுப் போயிட்டான்."

"நாம இங்கதான இருந்தோம், யாரும் வரலீங்களே" என்றார் பொங்கியண்ணன்.

"அதனாலதான் சொல்றேன், தொழில் தெரிஞ்சவன். மனசாட்சியும் இருக்குது."

காலையில் எடுத்ததை மதியமே திருப்பி வைக்கிற மனுஷனை வெயிலில் சும்மா அனுப்புவது ஊருக்கு அழகில்லை என்று முடிவாயிற்று. மேடையருகே ஒரு சொம்பு மோர் வைத்தார்கள். சாயங்காலம் சொம்பு காலியாக இருந்தது. திருடன் மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது. மோரை ராக்கியப்பன் குடித்தது ராக்கியப்பனுக்கு மட்டும் தெரியும்.

நீலக் கல்லையும் அவர்கள் கவனிக்காமல் விடவில்லை. புட்டிக்குள் ஈரம் இருக்கிறதா என்று பொங்கியண்ணன் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தார். பார்த்தவர் மூடவில்லை. குடித்துக்கொண்டிருக்கிறவனுக்கு வாயைப் பொத்தினால் எப்படி என்பது அவர் நியாயம். கல் இரண்டே பொழுதில் ரோஸாகிவிட்டது.

"எஞ்சினீரு என்ன சொன்னாரு? ஈரம் குடிக்கக் கூடாதுன்னா சொன்னாரு?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"இல்லீங்க. நான் வர்றப்ப நீலமா இருக்கோணும்னாரு" என்றார் பொங்கியண்ணன்.

"அவ்வளவுதான?"

ராக்கியப்பன் வீட்டிலிருந்து துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் வந்தது. புட்டிக்கு வெளியே சுற்றிலும் பூசினார்கள். எஞ்சினியர் வைத்துவிட்டுப் போனதைவிட நல்ல நீலமாகவே இருந்தது.

எர்த் குழிதான் அவர்களுக்குப் பெரிய பாரம். பக்கத்தில் இருந்த ஒரே கிணறு தெய்வாத்தாளுடையது, கொடிக்காலுக்கு மேல்புறம். மூன்று பேரும் மாறி மாறி இறைத்து, குடத்தைத் தோளில் வைத்து, வாடிக் கிடந்த கொடிகளைத் தாண்டிப் போய்க் குழியில் ஊற்றினார்கள்.

"ஏனுங்கண்ணா, ஒரு கொடம் இந்தக் கொடிக்கு ஊத்துனா என்னங்க? கண்ணு முன்னால சாகுதுங்களே" என்று கெஞ்சினாள் தெய்வாத்தாள்.

"எஞ்சினீரு குழிக்குத்தான் ஆத்தா சொன்னாரு, கொடியைப் பத்தி மூச்சே விடலியே" என்றார் சென்னியப்பன், நிஜமான வருத்தத்தோடு.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. என் கிணறு, என் தண்ணீர், என் கொடி காய்கிறது, இவர்கள் ஓட்டைக் குழிக்குத் தாகம் தீர்க்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, கொடத்துல கொண்டு போறீங்களே, வழியெல்லாம் சிந்துதுங்களே. எஞ்சினீரு சிந்தச் சொன்னாருங்களா?"

மூவரும் நின்றுவிட்டார்கள். சொல்லவில்லைதான்.

"இந்த வாய்க்கா தலையில ஊத்துங்க. என்ற கொடிக்கா வழியா நேரா குழிக்குத்தான் போகுது. ஒரு சொட்டு சிந்தாது."

அன்றிலிருந்து கிணற்று மேட்டிலேயே நின்று இறைத்து ஊற்றினார்கள். தண்ணீர் கொடிக்காலுக்குள் போனது, போனதோடு சரி. பொங்கியண்ணன் கீழே போய்க் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணும் வரலீங்க."

"வாய்க்காலுக்கு மொதல்ல தாகம் அடங்கோணும். இன்னும் ஊத்து" என்றார் சென்னியப்பன்.

ஊற்றினார்கள். இடுப்பு ஒடிய ஊற்றினார்கள். கொடிகள் தலை நிமிர்ந்து தளதளவென்று நின்றன. குழி பாளம் பாளமாக வெடித்தது. தெய்வாத்தாளுக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கொடியைப் பார்த்தாள், பாவம் போய்விட்டது.

சொன்னபடி எஞ்சினியர் ஒரு மதிய நேரத்தில் வந்தார். எண்ணெய் சரியாக இருந்தது. புட்டியைத் தொட்டார், விரல் நீலமாயிற்று. ஜீப்பிலிருந்த டப்பாவிலிருந்து புதுக் கல்லை எடுத்துத் தானே மாற்றினார். பிறகு குழிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"ஒரு வாரமா என்னய்யா பண்ணுனீங்க?"

"தண்ணி ஊத்துனோங்க."

"எங்க?"

"கெணத்து மேட்டுலீங்க."

எஞ்சினியர் லாரிக்குப் போன் போட்டார். தெய்வாத்தாளுக்கு உயிரே போய்விட்டது. இந்த மூன்று பேரும் எத்தனை நாளைக்கு இறைப்பார்கள்? டிரான்ஸ்பார்மர் போனால் கொடிக்கால் போன மாதிரிதான். தன் கெட்டிக்காரத்தனமே தன் தலையில் மண்ணைப் போட்டுவிட்டது என்று நினைத்தவள் எஞ்சினியர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நான்தானுங்க வாய்க்கால்ல ஊத்தச் சொன்னேன். தண்ணியெல்லாம் என்ற கொடிக்காலுக்குள்ளதானுங்க போச்சு. அவுங்க மேல தப்பில்லீங்க."

எங்கே என்று பார்க்க எஞ்சினியர் வரப்போரம் நாலு எட்டு வைத்தார். கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கையை அவர் பாதியில் நிறுத்தினார். ஊரில் இதைவிட ஈரமான இடம் கிடையாது. லாரிக்கு வேண்டாம் என்று மறுபடி போன் போட்டார். அந்த வரப்போரமே புதுக் குழி வெட்டிக் கம்பியைப் புதைத்தார்கள். மீட்டர் அவருக்குப் பிடித்த எண்ணைக் காட்டியது. அன்று சாயங்காலமே கரண்ட் வந்தது.

ஜீப் ஏறும்போது எஞ்சினியர் சொன்னார்: "குழிக்குத் தண்ணி ஊத்தறதை மட்டும் விட்டுறாதீங்க."

தெய்வாத்தாள் ஓடிப்போய் மோட்டார் ரூமில் பச்சைப் பொத்தான் மேல் விரலை வைத்தாள். வெளியே சளக் சளக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தாள். கிணற்று மேட்டில் மூன்று பேரும் இறைத்து வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். அந்தக் கோடை முழுக்க அவள் அந்தப் பொத்தானை அமுக்கவில்லை என்று ஊரில் பேச்சு. புண்ணியத்துக்குக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. டிரான்ஸ்பார்மரைப் பார்க்க வந்த எஞ்சினியர் ஜீப்பை விட்டு இறங்கியவர் நின்ற இடத்திலேயே நின்றார். சென்னியப்பன் நனைந்து ஒழுகிக்கொண்டே எர்த் குழிக்குக் குடை பிடித்திருந்தார். அந்த மழையிலும் ராக்கியப்பன் கிணற்றில் இறைக்க, பொங்கியண்ணன் குடத்தைத் தோளில் வைத்து வந்துகொண்டிருந்தார்.

"மழையில எதுக்குய்யா குழிக்குக் கொடை?"

"நனஞ்சிருமுங்களே" என்றார் சென்னியப்பன்.

"நனையோணும்னுதானய்யா சொன்னேன்?"

"நீங்க எங்களைத்தானுங்க ஊத்தச் சொன்னீங்க. மழை ஊத்திட்டா நாங்க எங்கீங்க ஊத்தறது?"

"அப்ப வாய்க்கால்ல ஊத்தலாமல்ல, எதுக்குக் கொடம்?"

"வாய்க்கால்ல மழைத்தண்ணி கலந்துருச்சுங்க. எது நம்ம தண்ணின்னு பிரிச்சுப் பாக்க முடியலீங்க."

அதற்குள் பொங்கியண்ணன் வந்துவிட்டார். "கொடையைக் கொஞ்சம் தள்ளுங்க மாப்ள" என்றார். சென்னியப்பன் ஒரு குடம் போகிற அளவுக்கு மட்டும் குடையைச் சாய்த்தார், தண்ணீர் உள்ளே விழுந்ததும், ஒரு சொட்டு மழை பட்டுவிடாமல் சட்டென்று மூடினார்.