பன்னிரண்டாம் விதி

குப்பண்ணன் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே மாதிரி மண்டல அரசில் செயலராகச் சேர்ந்துவிட்டார்.

மாதிரி அரசு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு ஞாயிறு காலை, ஊர் நூலக மாடியில் இருபத்தேழு பேர் கூடி ஓர் அரசை நடத்திப் பார்ப்பார்கள். முதல்வர் உண்டு, மந்திரிகள் உண்டு, எதிர்க்கட்சியும் உண்டு. சட்டம் எப்படி உருவாகிறது என்று ஜனங்கள் பழகிக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தது.

சபாநாயகர் தெய்வானை ஒரு வக்கீல். குப்பண்ணனைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் சபை விதிகளை அவரிடம்தான் குப்பண்ணன் பாடம் கேட்டார். யாராவது சிரித்தால், "குருவுக்கு வயசு எதுக்குங்க?" என்பார்.

அன்று முதல்வர் தேர்தல். குப்பண்ணன் இரண்டிரண்டு படியாகத் தாவி, மூச்சிரைக்க மேலே வந்தார்.

"அம்மிணி, பன்னிரண்டாம் விதி தப்புங்க!"

"என்ன தப்பு?"

"முதல்வரைக் கை தூக்கித்தான் தேர்ந்தெடுக்கோணுமாம். மூணு வருசமா நாகமாணிக்கம்தான் ஜெயிக்கறாரு. உறுப்பினர்ல பாதிப் பேரு அவரு தறிக்கூடத்துல வேலை செய்யறவங்க. போன வருசம் வேலாத்தாள் கை தூக்கலை. திங்கக்கிழமை வேலைக்குப் போனா, நூல் அறுந்துக்கிட்டே கிடக்கற பழைய தறிக்கு மாத்திட்டாங்க. சீட்டுல ஓட்டுப் போடற மாதிரி மாத்தோணுங்க."

"விதியை மாத்த என்ன வழி?"

"அதுக்கும்..." குப்பண்ணனின் குரல் இறங்கியது. "அதுக்கும் கை தூக்கோணுங்க."

"அப்ப தூக்கச் சொல்லுவோம்" என்றார் தெய்வானை.

சபை கூடியது. வேலாத்தாள் எழுந்து, ரகசிய ஓட்டு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

நாகமாணிக்கம் சிரித்தார்.

"இது வெளையாட்டு அரசு. இதுல ஒளிச்சு ஓட்டுப் போட என்ன இருக்குது?"

சொல்லிவிட்டு நாற்காலியோடு திரும்பி, சபையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

கைகள் உயர்ந்தன. குப்பண்ணன் எண்ணினார். எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை.

"நாலு."

தெய்வானை முடிவை அறிவிக்கவில்லை. பையைத் திறந்து ஒரே அளவில் வெட்டிய சீட்டுகளை எடுத்தார்.

"முடிவு சொல்றதுக்கு முன்னால சபையோட மனசை இன்னொரு வழியிலயும் தெரிஞ்சுக்கறேன். ரகசிய ஓட்டு வேணும்னா பெருக்கல் குறி. வேண்டாம்னா வட்டம். எழுத்தே வேண்டாம். ஒவ்வொருத்தரா அலமாரிக்குப் பின்னால போய்ப் போட்டுட்டு வாங்க."

பெட்டி இல்லை. டீ வந்த தூக்குப்போசியைக் கழுவித் துடைத்து அலமாரிக்குப் பின்னால் வைத்தார்கள். இருபத்தேழு பேரும் போய் வந்தார்கள். டிக்கெட் கிழித்துப் பழகிய விரல்கள் சீட்டுகளைப் பிரித்தன. குப்பண்ணன் ஒரு தடவை எண்ணினார். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார்.

"வேணும், இருபத்தொண்ணு! வேண்டாம், ஆறு!"

மாடியே சலசலத்தது. ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது.

"விதிப்படி இது செல்லாது!" என்று நாகமாணிக்கம் எழுந்தார்.

"செல்லாதுங்க" என்றார் தெய்வானை உடனே.

குப்பண்ணனுக்குத் தாங்கவில்லை. மேஜையருகே போய்க் குனிந்தார்.

"செல்லாத ஓட்டை எதுக்குங்க என்னை எண்ணச் சொன்னீங்க?"

"எண்ணினதைச் சத்தமாச் சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்குமுங்க."

"செயலருக்குச் சந்தேகம் வந்தா, கையை மறுபடி எண்ணலாம்னு விதி இருக்குதுங்கண்ணா. முதல்ல எண்ணினதுல உங்களுக்குச் சந்தேகம் இருக்குதா?"

குப்பண்ணன் அவரை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு மாடி அதிரக் கத்தினார்.

"இருக்குதுங்க! நெறையவே இருக்குதுங்க!"

மறுபடியும் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் வேலாத்தாள். பிறகு அவருக்குப் பின்னால் இருவர். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நெரிசலான பஸ்ஸில் தலை எண்ணுவதைப் போல் குப்பண்ணன் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தபடி எண்ணினார். பத்து. பதினொன்று. நாகமாணிக்கத்துக்கு அடுத்த நாற்காலியில் அவருடைய தறிக்காரர் ஒருவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைத் தூக்கியிருந்தார். பதிமூன்று.

"பதினாலு!"

யாரோ விசிலடித்தார்கள். குப்பண்ணன் நிறுத்தவில்லை. பத்தொன்பதில்தான் நின்றார்.

தீர்மானம் நிறைவேறியது. அப்போதே சீட்டு போட்டு முதல்வர் தேர்தல் நடந்தது. நாகமாணிக்கத்துக்குப் பன்னிரண்டு. எதிர்த்து நின்ற வேலாத்தாளுக்குப் பதினைந்து. நாகமாணிக்கம் எழுந்தார். பிறகு முதல்வர் நாற்காலியில் கிடந்த தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

வேலாத்தாளைச் சுற்றி ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்து, குப்பண்ணன் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு இடிக்குதுங்க. வேணும்னு சீட்டுல போட்டவங்க இருபத்தொரு பேரு. கை தூக்கினவங்க பத்தொம்பது பேரு. கடைசி வரைக்கும் கை தூக்காத அந்த ரெண்டு பேரு யாருங்க?"

"அதை யாரும் கேட்கக் கூடாதுன்னுதானுங்கண்ணா இத்தனையும் பண்ணினோம்."

குப்பண்ணன் பேனாவை மூடினார்.