முகம் மறந்த வேட்டை

கலெக்டர் கார் வாசலுக்கு வந்துவிட்டது. ஜமீன்தாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆப்பிரிக்காவில் தாமே சுட்டதாக அவர் அளந்துவந்த இரண்டு மான் தலைகளின் பெயர்ப்பலகைகளை, துடைக்கக் கழற்றிய வேலைக்காரன் மாசானம் கலந்துவிட்டிருந்தான்.

"எது இம்பாலா, எது வாட்டர்பக்? மாத்தி மாட்டினே, உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்!"

கலெக்டர் உள்ளே வந்ததும் மாசானம் கைகட்டிக்கொண்டான்.

"எசமான், வாட்டர்பக்குக்குப் புட்டத்துல வெள்ளை வளையம், இம்பாலாவுக்குக் கறுப்புக் கோடுன்னீங்க. செவுத்துல தலை மட்டுந்தானே இருக்கு? ஆனா ரெண்டும் உங்க மேல நேருக்கு நேரா பாஞ்சுதே, அந்த மூஞ்சி மறக்குமா? காட்டுங்க, மாட்டிடறேன்."

ஜமீன்தார் தலைகளை மாறி மாறிப் பார்த்தார். விரல் எழவில்லை.

"என்னப்பா, எதுன்னு காட்ட மாட்டேங்கறாரு?" என்றார் கலெக்டர்.

"எசமானைக் கண்டதும் ரெண்டும் புறமுதுகு காட்டி ஓடியிருக்கும் சாமி. பாவம், மூஞ்சியை எங்க பாத்திருப்பாரு?"