எந்தக் கதவு, சார்?

குற்றாலலிங்கம் கட்டட இன்ஜினியர். தென்காசிச் சாலையில் அவர் கை படாத கம்பெனி குறைவு. அரிசி ஆலை, அட்டைப்பெட்டிக் கம்பெனி, நைட்டி தைக்கும் கூடம் என்று பலதும் கட்டியிருந்தார். கட்டிய எதிலும் ஒரு விரிசல் விழுந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

ஒரு நாள் அவர் கட்டிய தையல் கூடத்தில் இஸ்திரி மேசையின் வயர் கருகிப் புகை வந்தது. பெரிய தீ இல்லை. மணலைக் கொட்டியதும் அடங்கிவிட்டது. ஆனால் புகையைக் கண்ட மாத்திரத்தில் உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் முன்வாசலுக்கு ஓடினார்கள். வாசலில் நெரிசல். ஜெபக்கனி என்ற பெண் கீழே விழுந்தாள். அவளுடைய வலது கையை மிதித்துக்கொண்டு கூட்டம் வெளியே போனது. மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

பின்பக்கம் இரண்டு கதவுகள் திறந்தே கிடந்தன. ஒருத்திகூட அந்தப் பக்கம் போகவில்லை.

குற்றாலலிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜெபக்கனி கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தாள்.

"உன் மெஷினுக்குப் பின்னாலேயே ஒரு கதவு இருக்கேம்மா. அதை விட்டுட்டு ஏன் முன்னால ஓடின?"

அவள் யோசித்தாள். தன் மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எந்தக் கதவு, சார்?"

கூடம் திறந்த நாளிலிருந்து அவள் அங்கே தைக்கிறாள்.

குற்றாலலிங்கம் பின்கதவுகளுக்கு மேல் பச்சை விளக்கு எரியும் பலகைகளை மாட்டினார். சத்தமான மணி வைத்தார். மணி அடித்தால் எப்படிப் போக வேண்டும் என்று ஒத்திகை நடத்தினார். பெண்கள் சிரித்துக்கொண்டே வரிசையாகப் பின்பக்கம் போனார்கள். முதலாளி தங்கப்பழத்துக்குத் திருப்தி. குற்றாலலிங்கத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சிரித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் கதவு தெரிகிறது. பயந்து ஓடுகிறவர்களுக்குத் தெரியுமா?

ஆழ்வார்குறிச்சியில் உலகம்மாள் என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். ஆட்கள் வேலை செய்யும் இடங்களை மட்டுமே வரைந்து கொடுப்பார். வீடு கேட்டு வருகிறவர்களை, "விழிச்சிருக்கிற நேரமெல்லாம் வேலையிலதான இருக்கீங்க, வீட்டை வேற யாராவது கட்டட்டும்" என்று அனுப்பிவிடுவார். அவரிடம் சிலர் தங்கிப் படித்தார்கள். குற்றாலலிங்கம் அங்கே போனார். உலகம்மாளைவிட அவருக்கு வயது அதிகம். நரைத்த மீசையோடு மாணவர்களின் பாயில் போய் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு என்ன தெரியணும், அண்ணாச்சி?"

"கதவை எங்க வைக்கணும்னு தெரியணும்."

"இத்தன காலமா வச்சீங்களே."

"வச்சேம்மா. யாரும் பாக்கலை."

உலகம்மாள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தோள்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, அங்கேயே போவோம்."

கூடத்தில் ஜெபக்கனியின் மெஷின் ஆள் இல்லாமல் இருந்தது. உலகம்மாள் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். அளவு நாடாவை எடுப்பார், எதையாவது குறித்துக்கொள்வார் என்று குற்றாலலிங்கம் காத்திருந்தார். அவர் எதையும் எடுக்கவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

மதியம் ஆனது. பெண்கள் இருந்த இடத்திலேயே தூக்குவாளியைத் திறந்தார்கள். தைத்த துணியில் குழம்பு பட்டுவிடக் கூடாதென்று மெஷினுக்கு முதுகைக் காட்டி, மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். கை கழுவவும் தண்ணீர் பிடிக்கவும் முன்வாசலுக்குப் போய் வந்தார்கள். செருப்புகளும் முன்வாசலில்தான் கிடந்தன. சாப்பிட்டதும் சிலர் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். வெயில் மேற்கே சாய்ந்ததும் தகரக் கூரை சூட்டில் படபடவென்று சத்தம் போட்டது. உலகம்மாளின் நெற்றியிலிருந்து வியர்வை வடிந்தது.

அப்போதுதான் அவர் எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். குற்றாலலிங்கமும் பின்னால் போனார்.

அங்கே வெட்டுத்துணிக் குவியல் கிடந்தது. உடைந்த நாற்காலிகள் கிடந்தன. அதற்கப்பால் சீமைக்கருவேல முள். ஆனால் காற்று வந்தது. ஆனி மாதம். மேற்கே இருந்த கணவாய் வழியாக மலைக்காற்று வந்து உலகம்மாளின் முந்தானையைத் தூக்கி அடித்தது.

"இவ்வளவு காத்து இங்க இருக்கு. உள்ள ஏன் வரல?"

"நான்தான் சுவரை ஏத்திக் கட்டினேன். துணி பறக்கும்னு முதலாளி சொன்னாரு."

"இங்க யாரு வருவா?"

"கழிவுத்துணி போட வருவாங்க."

"வேற?"

"வேற யாரு வருவா? இங்க என்ன இருக்கு?"

உலகம்மாள் ஓர் உடைந்த நாற்காலியை நிமிர்த்தி, காற்று வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

சில நாள் கழித்து உலகம்மாள் வரைபடத்தைக் கொடுத்தார். குற்றாலலிங்கம் ஆவலோடு விரித்தார். கதவுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பின்பக்கம் நீண்ட தாழ்வாரம் ஒன்று. மேற்கு வெயில் உள்ளே விழாதபடி நன்றாகத் தாழ்த்திய கூரை. உட்கார்ந்து சாப்பிடக் குட்டையான திண்டு. தண்ணீர்க் குழாய், டீ அடுப்பு, செருப்பு வைக்கும் பலகை எல்லாம் அங்கே நகர்ந்திருந்தன. பின்பக்கத்து மேற்குச் சுவரின் மேல்பாதியில், காற்று வேகம் தணிந்து இறங்கும்படி துளை வைத்த செங்கல்.

"அம்மா, நான் உசுரைப் பத்திக் கேட்டேன்."

"ஆமா."

"நீங்க சோத்தைப் பத்தி வரைஞ்சிருக்கீங்க."

"ஆமா."

"தீப்பிடிச்சா?"

"முதல்ல கட்டுங்க, அண்ணாச்சி."

தங்கப்பழம் வரைபடத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இப்படி வசதியா இருந்தா உக்காந்து பேசிக்கிட்டேல்லா இருப்பாங்க. எந்திரிச்சு வேலைக்கு வருவாங்களா?"

"உள்ளயும் நல்லா இருந்தா வருவாங்க, முதலாளி" என்றார் உலகம்மாள்.

ஜெபக்கனி விழுந்த நாளிலிருந்து தங்கப்பழத்துக்கும் தூக்கம் சரியில்லை. சரி என்றார்.

குற்றாலலிங்கம் கட்டினார். மனசு ஒப்பாமல்தான் கட்டினார், ஆனால் கட்டுவதில் குறை வைக்கிற ஆள் இல்லை அவர். முள்ளை வெட்டித் தரையைச் சமன் செய்தார். திண்டின் விளிம்பு காலில் குத்தாமல் இருக்க அதை உருட்டிப் பூசச் சொன்னார். வேலை முடியும்போது சாரல் தொடங்கிவிட்டது.

பெண்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு தாழ்வாரத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஒருத்தி கனகாம்பரம் நட்டாள். ஒருத்தி திண்டில் தாய விளையாட்டுக்குக் கட்டம் கீறினாள். மதியமானால் அந்தப் பக்கம் சிரிப்பும் சண்டையும் கேட்டது. கூடத்துக்குள் காற்று இறங்கியதால், மெஷின் மேல் தலை சாய்க்கிற பழக்கமும் நின்றுபோனது.

ஜெபக்கனி கை எலும்பு கூடி வேலைக்கு வந்தாள். மணிக்கட்டு முன்போல் திரும்பவில்லை. தைக்க முடியாது. பிசிறு வெட்டும் வேலையைக் கொடுத்தார்கள். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"என்னை முன்வாசல் பக்கத்துலயே உக்கார விடுங்க."

அங்கேயே உட்கார்ந்தாள். அங்கேயே தனியாகச் சாப்பிட்டாள். அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பின்பக்கச் சிரிப்பு அவளையும் எட்டியது. ஒரு நாள் யாரோ நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து, "ஏட்டி ஜெபா, இங்க வா" என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள். மறுநாள் யாரும் கூப்பிடாமலேயே போனாள்.

மழை விட்டிருந்த ஒரு பகல். கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்கக் குற்றாலலிங்கம் வந்திருந்தார். கூடத்தின் நடுவே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். முன்வாசலை ஒட்டிய மின்பெட்டியில் டப்பென்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன. பச்சைப் பலகைகளுக்கும் மணிக்கும் மின்சாரம் அதே பெட்டியில் இருந்துதான். ஒன்றும் எரியவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை. ரப்பர் கருகும் நாற்றத்தோடு கறுப்புப் புகை கிளம்பியது.

குற்றாலலிங்கம் ஓடினார்.

ஓட ஓடப் புகை தடித்தது. மூச்சு முட்டியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கைகளை நீட்டித் துழாவினார். ஒரு மேசை இடித்தது. இத்தனை பெண்கள் இருந்தார்களே, யார் மேலும் மோதவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது. சுற்றிலும் ஒரு குரலும் இல்லை. எல்லாரும் மயங்கி விழுந்துவிட்டார்கள் என்றே நினைத்தார்.

"உள்ள யாரு? சாரா?" தூரத்தில் ஒரு குரல். "சார், அங்க எங்க போறீங்க? இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் வாங்க!"

குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். புகைக்குள் ஒரு இடது கை நீண்டு வந்து அவர் சட்டையைப் பற்றி இழுத்தது. வெளிச்சம் கண்ணில் அடித்தது. அவர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டையைப் பிடித்திருந்தவள் ஜெபக்கனி.

பெண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் கீறல்கூட இல்லை. முதலாளியும் ஆட்களும் வெளிவழியாக மணல் வாளிகளோடு ஓடினார்கள். குற்றாலலிங்கம் திண்டில் உட்கார்ந்து இருமினார். யாரோ குழாயைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்கள்.

"மணி அடிக்கலையே" என்றார் மூச்சு வந்ததும். "இப்படி வரச் சொன்னது யாரும்மா?"

ஜெபக்கனிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"யாரும் சொல்லலையே, சார். காலு தானா வந்துட்டு."

மறுநாள் காலை குற்றாலலிங்கம் ஆழ்வார்குறிச்சிக்குப் போனார். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். உலகம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். ஜெபக்கனி சட்டையைப் பிடித்து இழுத்ததைச் சொன்னபோது மட்டும், "நல்ல பிள்ளை" என்றார்.

"அம்மா, அவங்க ஏன் பின்பக்கம் போனாங்கன்னு இப்போ எனக்குப் புரியுது" என்றார் குற்றாலலிங்கம். "புரியாதது வேற ஒண்ணு."

"கேளுங்க."

"அந்தக் கதவை வச்சவன் நான். தாழ்வாரத்தைக் கட்டினவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாக்கூட வரைஞ்சு காட்டிருவேன். என் காலு மட்டும் ஏன் முன்வாசலைத் தேடிப் புகைக்குள்ள போச்சு?"

"தாழ்வாரம் கட்டினதுக்கு அப்புறம் அங்க போயிருக்கீங்களா?"

"வாரம் தவறாம போறேனே."

"போனா மத்தியானச் சாப்பாடு?"

"முதலாளி ரூம்லதான். முன்வாசல் பக்கம். ஏசி போட்டு, இலை விரிச்சு வச்சிருப்பாரு. சாப்பிடாம விடமாட்டாரு."

உலகம்மாள் சிரித்தார்.

"அடுத்த தடவை தூக்குவாளி கொண்டு போங்க, அண்ணாச்சி. அவங்க கொஞ்சம் நகந்து இடம் தருவாங்க."